கழுத்து இல்லாத சிலை

ஜபல்பூர்,
3 ஜூன்

அன்புள்ள நீரஜா,

உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் போனில் நீயும் நானும் போட்ட சண்டையில் எனக்கு பிரஷர் எகிறிவிட்டது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, போனைத் தொடவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். உன் அத்திம்பேர் சாய்நாத் அதை ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எத்தனை வருஷம் ஊசி குத்திக்கொண்டு கடைசியாக வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது! முப்பத்தொன்பது வயதில் இன்னொரு தடவை கிடையாது. அதனால் இனிமேல் உன்னைத் திட்டுவதென்றால் காகிதத்தில்தான். சாய்நாத் தபால்தலை வாங்கி வைத்திருக்கிறார்.

திட்டுகிறேன், கேட்டுக்கொள். பன்னிரண்டு வருஷம் தரமணியில் குப்பை கொட்டி, டிசைன் டீமுக்கே தலைவியான பிறகு ஒருத்தி ராஜினாமா செய்வாளா? செய்துவிட்டு என்ன, களிமண்ணில் மனுஷத் தலை பண்ணப் போகிறாளாம்! பிள்ளையார் சதுர்த்திக்கு மாட வீதியில் கடை போடப் போகிறாயா? அப்பா இல்லாத வீடு அது. அம்மாவின் பாட்டு வகுப்பை நம்பியா இரண்டு பேர் சாப்பிடப் போகிறீர்கள்?

இன்னொன்று. அம்மா குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். அந்தத் தொண்டைக்கட்டு சரியாயிற்றா? மிளகு கஷாயம் வைத்துக் கொடு.

கோபம் தீரவில்லை. காகிதம் தீர்ந்துவிட்டது.

உன் அக்கா,
மதுவந்தி


மயிலாப்பூர்,
12 ஜூன்

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் சௌக்கியம். உன் பிரஷர் இறங்கியதா? கால் வீக்கம் வடிந்ததா? அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். போனைப் பிடுங்கியதற்குத் தனியாக இன்னொரு நமஸ்காரம்.

அம்மா மௌன விரதம் இருக்கிறாள். உனக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்கும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கபாலி சந்நிதியில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டியதை எல்லாம் ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறாள். பாட்டு வகுப்புக்கு லீவு. நீ பதறுவாய் என்று முதலில் சொல்லவேண்டாம் என்றாள். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு சொல்லிவிடு என்று எழுதினாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? யார் பேருக்குக் கடிதம் வந்தாலும் பிரிப்பது அம்மா, நாம் எழுதுவதைப் படித்துவிட்டு உறையை ஒட்டுவதும் அம்மா. உன் திட்டை இரண்டு தடவை படித்துச் சிரித்தாள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டாய். பன்னிரண்டு வருஷம் நான் செய்தது என்ன தெரியுமா? போன் திரையில் ஒரு பட்டனின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்று மீட்டிங் போட்டுப் பேசினேன். அடுத்த அப்டேட்டில் அந்தப் பட்டனே இருக்காது. எனக்கு மனுஷ முகம் வேண்டும் அக்கா. வரைய வேண்டும், கையால் தொட்டுச் செய்ய வேண்டும். அடையாற்றில் கருணாகரன் என்று ஒருவர், என்னைவிட ஆறு வயது சின்னவர், கட்சித் தலைவர்களின் சிலை செய்து பிழைக்கிறார். அவருடைய தகரக் கொட்டகையில் காலையில் களிமண் வேலை பழகுகிறேன். மத்தியானம் வீட்டில் அம்மாவை உட்காரவைத்து வரைகிறேன். வாயைத் திறக்காத மாடல் யாருக்குக் கிடைக்கும்?

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா ஆசீர்வாதம் எழுதிக் காட்டினாள், நான் அனுப்பிவிட்டேன்.

நீரஜா


ஜபல்பூர்,
24 ஜூன்

அன்புள்ள நீரஜா,

நான் சுமார். குழந்தை நன்றாக இருக்கிறதாம், ஸ்கேனில் சொன்னார்கள். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் அழுதேன். அம்மாவாவது, பேசாமல் இருப்பதாவது! தூக்கத்தில்கூட ஸ்வரம் சொல்கிறவள். கீரைக்காரியிடம் கட்டு விலை கேட்கப் போய் அவள் மருமகள் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டு வருகிறவள். எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். குழந்தை பிறந்த அன்றைக்கு அதன் காதில் முதலில் விழுவது உன் குரலாக இருக்க வேண்டும். போனை நான் பிடித்துக்கொள்கிறேன். பேசினால் போதாது, பாட வேண்டும். இதில் பேரமே கிடையாது.

நீரஜா, இந்த மௌனம் உனக்குத்தான் சௌகரியமாகப் போய்விட்டது. மணிக்கணக்கில் உட்காரவைத்து அவள் முதுகை ஒடிக்காதே. ஒரு போட்டோ எடுத்து சாய்நாத் போனுக்கு அனுப்பு. ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மருந்து வேளை ஆகிவிட்டது, நிறுத்துகிறேன்.

மது


மயிலாப்பூர்,
2 ஜூலை

கிச்சா மாமாவுக்கு நமஸ்காரம்.

மாமியின் முழங்கால் வலி தேவலையா? உங்களிடம் போனில் பேசினால் நான் கத்த வேண்டும். நான் கத்தினால் பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்கும். அதனால்தான் இதை எழுதி உங்கள் கோபாலபுரம் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

நேற்று நீங்கள் அம்மா எதிரில் அப்படி அழுதிருக்கக் கூடாது. "கேன்சர்னு கொரல்வளையையே எடுத்துட்டாளேடி! என் தங்கை இனிமே எப்படிப் பாடுவா?" என்று என்னைப் பிடித்து உலுக்குகிறீர்கள். அவளுக்குக் குரல்தான் போயிருக்கிறது மாமா, காது போகவில்லை. நீங்கள் போன பிறகு கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இனி அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு. அதை யாராவது பார்த்தால் அவளால் தாங்க முடியவில்லை. வரையும்போதுகூடத் துணியை எடுக்க விடுவதில்லை. தாடையோடு நிறுத்திக்கொள் என்று ஸ்லேட்டில் எழுதிவிட்டாள்.

மதுவுக்கு மட்டும் தெரியவே கூடாது. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது என் கையைப் பிடித்து, "அவளுக்குக் கொழந்தை பொறக்கறவரைக்கும் சொல்லப்படாது, என்மேல சத்தியம்" என்றாள். அம்மா பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மௌன விரதம் என்ற பொய்யும் அவள் கண்டுபிடித்ததுதான், எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? சாய்நாத் அத்திம்பேருக்கும் சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தே மது கண்டுபிடித்துவிடுவாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் வேலையை விட்டேன் என்று மாமியிடம் பெருமையாகச் சொன்னீர்களாம். பாதிதான் நிஜம். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை வரைய ஆரம்பித்தேன். அதன் பிறகு என்னால் போன் திரைக்குப் பட்டன் வரைய முடியவில்லை. அம்மாவின் முகத்தை, அது இருக்கும்போதே, என் கையால் செய்துவிட வேண்டும். அதற்காக யார் என்னைப் பைத்தியம் என்றாலும் சரி.

அழாமல் இருக்க முடியுமென்றால் வாருங்கள். டிகிரி காபி தருகிறேன்.

உங்கள் நீரஜா


மயிலாப்பூர்,
5 ஜூலை

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம். நீ இடது பக்கம் ஒருக்களித்துத்தானே படுக்கிறாய்?

விரதம் முடிகிறவரை போட்டோ கிடையாது என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள். அதனால் நான் வரைந்த படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மூக்குத்தி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

களிமண்ணில் அம்மா தலையை ஆரம்பித்துவிட்டேன். உள்ளே கம்பியால் ஒரு கூடு கட்டி அதன்மேல் மண்ணை அப்ப வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் ஈரத்துணி போட்டு மூட வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். கொட்டகையிலிருந்து வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கை தப்பினால் பழைய ஆபீஸ் ஞாபகத்தில், செய்ததை அழிக்க அண்டூ பட்டனை அழுத்த விரல் துடிக்கிறது. அம்மா தான் விபூதி இட்டுக்கொள்ளும்போது அதன் நெற்றியிலும் இட்டுவிடுகிறாள்.

கன்னத்தில் மண் அதிகமாகிவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் சுரண்டி எடுத்தேன்.

உனக்கு எலுமிச்சை ஊறுகாய் அனுப்பலாமா என்று அத்திம்பேரை டாக்டரிடம் கேட்கச் சொல்.

நீரஜா


ஜபல்பூர்,
22 ஜூலை

நீரஜாக் குட்டி,

நான் பிரமாதமாக இருக்கிறேன்! நேற்று அசைந்தது! உள்ளே மீன் திரும்பியது போல. சாய்நாத்தைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னால் அதற்குள் சாது மாதிரி அடங்கிவிட்டது. பாட்டியைப் பார்த்து இதுவும் விரதம் பிடித்துவிட்டதோ என்னவோ. அம்மா, சிரி. நீ சிரிப்பது இங்கே தெரிகிறது.

படம் வந்தது. தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அம்மாவேதான். அந்தக் கண்! கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்துக் காலையில் அதில்தான் விழிக்கிறேன். நீ வேலையை விட்டதை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் திட்டும் வேகம் குறைந்துவிட்டது. அதுசரி, தாடையோடு ஏன் நிறுத்திவிட்டாய், காகிதத்துக்கா பஞ்சம்? மேல் ஸ்தாயியில் நின்று பாடும்போது அம்மா கழுத்தில் ஒரு நரம்பு எழும்புமே, சின்ன வயசில் நாம் போட்டி போட்டுக்கொண்டு தொட்டுப் பார்ப்போமே. அடுத்த படத்தில் அது கண்டிப்பாக வேண்டும்.

டாக்டர் சரி என்றாள். ஊறுகாய் அனுப்பு.

மது


மயிலாப்பூர்,
6 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

ஊறுகாய் வந்ததா? நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அத்திம்பேருக்குப் போன் செய்தால், "தூங்குகிறாள், நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறார். தபால்காரர் வருகிற நேரத்துக்கு அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவர் கடிதம் இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அம்மா சாதத்தைக் கரைத்துக் குடிக்கிறாள், விரதம் அல்லவா. குழந்தைக்குப் பேர் யோசித்து ஸ்லேட்டில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறாள். சிலையில் கன்னத்தை மறுபடியும் சுரண்ட வேண்டியதாயிற்று.

இரண்டு வரி போதும் அக்கா. உடனே எழுது.

நீரஜா


ஜபல்பூர்,
20 செப்டம்பர்

அன்புள்ள நீரஜா,

சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே மழை விடவில்லை. கை வலி, அதனால் எழுத முடியவில்லை. அம்மாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். அவள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு விரதம் இருக்க வேண்டாம்.

மது


மயிலாப்பூர்,
1 அக்டோபர்

கிச்சா மாமாவுக்கு,

உங்களுக்கும் மாமிக்கும் நமஸ்காரம். அழுவதென்றால் இதைப் படித்துவிட்டு அங்கேயே அழுது முடித்துவிடுங்கள். இங்கே வந்து வேண்டாம்.

மறுபடியும் வந்திருக்கிறது, இந்தத் தடவை நுரையீரலில். தீபாவளியைத் தாண்டினால் பெரிது என்கிறார் டாக்டர். மதுவுக்கு டிசம்பர் எட்டாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். "அம்மா, மதுகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். ஸ்லேட்டில் 'டிசம்பர்' என்று எழுதி அதன் கீழே அழுத்திக் கோடு போட்டாள். அதுவரை இருந்துவிடுவாளாம். பேரக்குழந்தையை மடியில் வாங்காமல் போக மாட்டாளாம். தண்ணீரே இறங்காத நிலையில் கஞ்சியைக் கொண்டுவா என்று கை காட்டுகிறாள். அந்தக் குழந்தைதான் மாமா இவளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது.

சத்தியத்தை மீற எனக்குத் தைரியம் இல்லை. மீறாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. யாரிடம் கேட்பது?

நீரஜா


மயிலாப்பூர்,
8 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

இங்கே சௌக்கியம். உன் கை வலி எப்படி இருக்கிறது? இது எட்டாம் மாதம், ஜாக்கிரதை.

உன் கடிதம் நாலே வரி. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கொலுவுக்கு மூன்று படிதான் வைத்தோம். கருணாகரன் சுண்டலுக்கு வந்தார். சிலைமேல் இருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கழுத்து எங்க? தலைய அப்டியே பலகை மேல குந்த வெச்சிக்கினு கீறீங்க, பூசணிக்காயா அது? மூஞ்சி சூப்பரா வந்துகீது. ஆனா கழுத்து இல்லாம தலை எப்டி நிக்கும்?" என்றார். அம்மா அவருக்குச் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய ஞாபகத்தில் ஒரு கழுத்து வைத்துப் பார்த்தேன், நீ கேட்ட நரம்போடு. ஆபீசாக இருந்தால் கை தட்டியிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வெட்டி எடுத்துவிட்டேன். கருணாகரன் எடுத்த சிலை போட்டோ இதோடு இருக்கிறது. அவருடைய உறைதான்.

குழந்தை உதைக்கிறதா என்று ஒரு வரி எழுது. அம்மாவுக்கு அது போதும்.

நீரஜா


ஜபல்பூர்,
4 நவம்பர்

நீரஜா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் ஆரம்பித்தேன். கேட்கும் நிலையில் நான் இல்லை.

போட்டோ உறையின் பின்னால் கருணாகரனின் முத்திரை இருந்தது, அந்த விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். வீட்டுக்கு எழுதினால் அம்மா பிரித்துவிடுவாள்.

குழந்தை இல்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி போய்விட்டது. பிரஷர் ஏறி வலிப்பு வந்து, எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. சாய்நாத் ஒரு துண்டில் சுற்றித் தனியாக எடுத்துக்கொண்டு போனார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. நீ முகம் முகம் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

எப்படிச் சொல்வேன்? அதற்காக அம்மா வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். உன் விரதம் வீண் என்று எந்தக் கையால் எழுதுவேன்? நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் தள்ளிவிட்டேன். இப்போது எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடக்கிறேன், மார்க்கெட் போகிறேன், சமைக்கிறேன். எந்த நாளிலும் ரயில் ஏறியிருக்கலாம். வயிறு இல்லாமல் அம்மா எதிரில் வந்து நிற்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நீதான் மெதுவாகச் சொல்ல வேண்டும். விரதம் போதும் என்று சொல். போன் இப்போது என் கையில்தான் இருக்கிறது. அம்மா திட்டட்டும், அழட்டும், எதுவானாலும் சரி. "மது" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவள் குரலைக் கேட்டால் நான் எழுந்துவிடுவேன் நீரஜா. வேறு எதற்கும் எழ முடியவில்லை.

சிலை போட்டோவைப் பார்த்தேன். அம்மா ரொம்ப இளைத்திருக்கிறாள். விரதத்தால்தானே? இந்தத் தடவையும் கழுத்து இல்லை.

மது


மயிலாப்பூர்,
14 நவம்பர்

அன்புள்ள அக்கா,

இதைக் கிச்சா மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிளேன் ஏறுவது இதுதான் முதல் தடவை. இதைப் படிக்கும்போது நம் மனுஷர் ஒருவர் உன் பக்கத்தில் இருக்க வேண்டும். அத்திம்பேரையும் கூப்பிட்டுக்கொள். உட்கார்ந்து படி.

அம்மா விரதம் இருக்கவில்லை. தொண்டையில் கேன்சர் என்று மே மாதமே குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் குரல் கிடையாது அக்கா. கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறாள். இப்போது நுரையீரலுக்கும் வந்துவிட்டது. இனி சில நாள்தான். உனக்குக் குழந்தை பிறக்கும்வரை சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன்னைக் காப்பாற்ற அவள் மறைத்தாள், அவளைக் காப்பாற்ற நீ மறைத்தாய். நடுவில் நான் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டிலேயே நீ வந்திருக்கலாம். அவள் மடியில் விழுந்து அழுதிருக்கலாம். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. உன்மேல் கோபம் வருகிறது. என்மேல் அதைவிட வருகிறது.

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். அடையாற்றில் மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் வந்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவசரமாக இருக்குமோ என்று கருணாகரன் பாவம், நனைந்துகொண்டே பைக்கில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்திருக்கிறார். நான் மருந்துக் கடையில் இருந்தேன். வழக்கம்போல் அம்மா பிரித்துவிட்டாள். ஸ்லேட்டை அப்புறம் அவள் தொடவில்லை. கஞ்சியும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தானாக எழுந்து வந்து சிலைக்கு எதிரே உட்கார்ந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கம்பி கட்டி, மண் வைத்து, கழுத்தைச் செய்தேன். துளையையும் செய்தேன். என் சுண்டுவிரல்தான் அதன் அளவு. நீ கேட்ட நரம்பு இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும். இந்தத் தடவை எதையும் சுரண்டவில்லை.

மாமாவிடம் உனக்கு டிக்கெட் இருக்கிறது. உடனே கிளம்பு. வெறும் வயிற்றோடு வா, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கிட்டே போனால் அவள் கழுத்திலிருந்து புஸ்புஸ்ஸென்று சத்தம் வரும். பயப்படாதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா நம்பரிலிருந்து உனக்குப் போன் வந்ததே. "அம்மா! அம்மாவா? மதும்மா, பேசும்மா" என்று கத்தினாய். அப்புறம், "ஒண்ணுமே கேக்கலையேம்மா, வெறும் காத்து சத்தம்தான் வரது, சிக்னல் சரியில்லை, வெச்சுட்டு நானே பண்றேன்" என்று வைத்துவிட்டாய். நான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு நீ திரும்பத் திரும்ப அழைத்ததை நான்தான் எடுக்கவில்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது அக்கா. அம்மா போனைக் கழுத்துத் துளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீரஜா